நாற்காலி அக்கா

“சார், இதை எந்த நாற்காலியில உக்காந்து பாக்கப் போறீங்க?”

தலைமைப் பொறியாளர் நிமிர்ந்து பார்க்கிறார். அவர் கேட்டது ஒரே ஒரு பை சார்ட். பன்னிரண்டு பகுதிகளிலிருந்து வந்த குடிநீர்ப் புகார்களை வட்டமாகப் போட்டு, பன்னிரண்டு கலர் அடித்து, பத்து மணிக் கூட்டத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இப்போது மணி ஒன்பதரை. எதிரே நிற்கிற அம்மாளோ நாற்காலியைப் பற்றி விசாரிக்கிறார்.

“எந்த நாற்காலின்னா?”

“கமிஷனர் நாற்காலியா, ஏரியா ஆளுங்க நாற்காலியா? கமிஷனருக்குன்னா எந்த ஏரியா ரொம்ப மோசம்னு தெரியணும். ஏரியா ஆளுங்களுக்குன்னா, போன மாசத்துக்கு இந்த மாசம் தேவலையான்னு தெரியணும். ரெண்டும் ஒரே படம் இல்ல சார்.”

“அதெல்லாம் எதுக்கும்மா? வட்டமாப் போட்டுக் குடுத்துடுங்களேன்.”

“பன்னெண்டு துண்டு சார்! எது பெருசு எது சிறுசுன்னு கண்டுபிடிக்க ஆளுக்கொரு ஸ்கேல் எடுத்துக்கிட்டுத்தான் மீட்டிங்குக்கு வரணும்.”

பத்து மணிக்குக் கூட்டத்தில் விழுந்தது பார் சார்ட். உயரமானது முதலில், குட்டையானது கடைசியில் என்று வரிசை கட்டி நின்ற பன்னிரண்டு பட்டைகள். பதினொன்று சாம்பல் நிறம், ஒன்றே ஒன்று சிவப்பு. யாரும் விளக்கம் கேட்கவில்லை. மூன்றாவது பகுதிப் பொறியாளர் மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இரண்டு சங்கதிகளைச் சொல்லிவிடுவார்கள். ஒன்று, இரண்டாம் மாடிக் குழாயில் தண்ணீர் வராது. ஆமாம், குடிநீர் அலுவலகத்தில்தான்! இன்னொன்று, நாற்காலி அக்காவிடம் போய் வட்டம் கேட்காதே.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. குள்ளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தாறு வருடங்களாக ஒரே மேஜை. எக்ஸெல் ஷீட்டில் எண்களைக் கொட்டிவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிற காலத்தில் இந்த அம்மாள் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று சிலர் முணுமுணுப்பார்கள். அது அக்கா காதில் விழுந்தால் தொலைந்தது. “அது போட்டுத் தரும், சரி. எதைப் போடணும்னு அதுக்குத் தெரியுமா? நாள் போகப் போக மாறுறதுன்னா கோடு போடணும். ஒண்ணோட ஒண்ணை வெச்சுப் பாக்கணும்னா பார். ஒரு முழுசுல யாருக்கு எவ்வளவு பங்குன்னா, அதுவும் ரெண்டு மூணு பங்குதான்னா, போனாப் போகுது, வட்டம் போட்டுக்கோ” என்று நின்ற இடத்திலேயே ஆரம்பித்துவிடுவார். சமயத்தில் படமே கூடாது என்றும் சொல்வார். ஒருமுறை பழுதான ஐந்து வால்வுகளுக்கு யாரோ கலர்ப் படம் கேட்டார்கள். “அஞ்சே அஞ்சு பேரு. இதுக்கு என்னத்துக்குப் படம்? பேரை எழுதிக் குடுத்தா வேலை முடிஞ்சுது” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

படம் தேறிவிட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு பரீட்சை இருக்கிறது. அதை வேடிக்கை பார்க்கவே வராந்தாவில் ஆள் நிற்கும். வரைந்ததைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, தண்ணீர்க் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டுவார். எட்டடி பின்னால் போவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி இல்லையென்றால் எதிரே வருவது ஆளா கதவா என்றே அவருக்குத் தெரியாது. அந்த மங்கலிலும் எந்தப் பட்டை பெரியது, எந்தக் கோடு இறங்குகிறது என்று தெரிந்தால் பாதிப் பரீட்சை பாஸ்.

மீதிப் பாதி வாசல் காவலர் கையில். “அண்ணே, ஒரு நிமிஷம். இதுல என்ன தெரியுது?” என்பார். காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பார்ப்பார். “மூணாவது ஏரியாவுல ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்கன்னு தெரியுதும்மா” என்று சொன்னால் படம் மாடி ஏறும். “டிசைன் ரொம்ப அழகா இருக்கும்மா” என்றால் அந்த நிமிடமே கிழிபடும். பாவம், மனிதர் நல்லதாகத்தானே சொன்னார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அக்காவுக்கு ஒரு பரம விரோதி உண்டு. நேற்று வரை நடந்ததோடு இன்று நடந்ததைக் கூட்டி, அதோடு நாளை நடப்பதையும் கூட்டிப் போடுகிற கோடு. குழாய் ரிப்பேர்ப் பிரிவின் மேற்பார்வையாளர் அதைத்தான் விரும்பிக் கேட்டார். இதுவரை அடைத்த கசிவுகள் மொத்தம் இத்தனை என்று கோடு மேலே மேலே போக வேண்டுமாம். அக்கா அவரை உட்கார வைத்தே கேட்டார்: “சார், இந்தக் கோடு இறங்கவே இறங்காது. நாளைக்கு உங்க ஆளுங்க எல்லாரும் படுத்துத் தூங்கினாலும் இது நின்ன இடத்துல நிக்குமே தவிர கீழ வராது. இதைக் காட்டி யாரை ஏமாத்தப் போறீங்க?” மேற்பார்வையாளர் அப்புறம் அந்த மாடிப் பக்கமே வரவில்லை. அந்தக் கோட்டுக்கு அக்கா வைத்த பெயர் பொய்க்கோடு.

இந்தக் கதையெல்லாம் அன்றன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒலிபரப்பாகும். கேட்கிறவர் ஒரே ஆள், அக்காவின் கணவர். கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிற மாஸ்டர். அக்காவும் ஒரு காலத்தில் அவரிடம் கார் கற்றுக்கொள்ளப் போனவர்தான். மூன்று தடவை டெஸ்டில் ஃபெயில். நான்காவது தடவை விண்ணப்பம் எழுதும்போது மாஸ்டர் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார். “லைசென்ஸ் கிடைக்கல, மாஸ்டர் கிடைச்சார்” என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அன்று காருக்குள் கூப்பிட்ட ‘மேடம்’தான் இத்தனை வருடமும். மேடம், என் பனியன் எங்க? மேடம், கோவமா? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “இன்னைக்கு எந்தக் கோடு பொய் சொல்லிச்சு, மேடம்?”

நாள் பூராவும் பேசுவதுதான் மாஸ்டரின் தொழில். கிளட்சை மெதுவா விடுங்க, கண்ணாடியப் பாருங்க, பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில், ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வாய் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. அந்தப் பெண் சமர்த்து. காரை ஓரம் கட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. காது கேட்டது, சொன்னதெல்லாம் புரிந்தது, ஆனால் பேச வாயெடுத்தால் சொல் வரவில்லை.

முதல் சொல் ஆஸ்பத்திரியில் வந்தது. அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சரிவுப் பாதையில் தள்ளிக்கொண்டு இறங்கினார். கை கொஞ்சம் தளர்ந்து வண்டி ஓட ஆரம்பித்தது.

“பிரேக்!” என்றார் மாஸ்டர்.

வழியில் போன நர்ஸுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டுவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். பிறகு கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்புறம் தேதியும் மணியும் போட்டு, ‘பிரேக்’ என்று எழுதி வைத்துக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணும் அதைத்தான் சொன்னாள். “அவரா என்னென்ன பேசறார்னு எழுதிக்கிட்டே வாங்கம்மா. தினம் எத்தனைன்னு இருந்தா டாக்டருக்கு உபயோகமா இருக்கும்.” யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது! அன்றைக்கே எக்ஸெல் ஷீட் தயார். தேதி, மணி, சொல், சந்தர்ப்பம். பகலில் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸம்மா நோட்டில் எழுதி வைப்பார். சாயங்காலம் அக்கா ஷீட்டில் ஏற்றுவார். வீட்டிலும் கறார்தான். நாம் சொல்லி அவர் திருப்பிச் சொன்னால் சேர்த்தி இல்லை. ‘ம்’ சேர்த்தி இல்லை. தலையாட்டல் சேர்த்தியே இல்லை. தானாக வந்த சொல்லுக்குத்தான் ஷீட்டில் இடம்.

நாள் போகப் போக மாறுகிற விஷயம். அதனால் கோடு. அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். கூடத்தில் மாஸ்டர் உட்கார்கிற இடத்துக்கு நேர் எதிரே ஃபிரிட்ஜ். இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்று என்று கோடு ஏறியது. பத்தொன்பதைத் தொட்ட அன்று மாஸ்டர் இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டார். சீப்பு என்றார், ஃபேன் என்றார், கதவு என்றார், அந்த நர்ஸம்மாவைப் பார்த்து வேணாம் என்று நாலு தடவை சொன்னார். நாற்பது வெவ்வேறு சொற்கள் சேர்ந்தன. மேடம் மட்டும் வரவில்லை. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஷீட்டில் சொற்கள் இருக்கும் மூன்றாவது பத்தியை மட்டும் தினமும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துக்கொள்வார்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பத்தொன்பது ஆறானது. தேறியதும் பதினான்கு, மறுபடி ஒன்பது, மறுபடி பன்னிரண்டு. அலுவலகமாக இருந்தால் அக்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார், இதெல்லாம் சகஜம் சார், ஏறும் இறங்கும் என்று. மாஸ்டருக்கு அது சகஜமாக இல்லை. கோடு இறங்கிய நாளில் அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த நாள் இன்னும் குறையும். ஐந்து, மூன்று, மூன்று, ஒன்று. பயிற்சிக்கு அந்தப் பெண் வந்தால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சைபர். மறுநாளும் சைபர்.

“அவருக்கு வரும்மா, வராம இல்ல” என்றாள் அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்டும்போது. “அவர் முயற்சியை விட்டுட்டார். இந்த மாசங்கள்ல விட்டா அப்புறம் இழுத்துக்கிட்டு வர்றது ரொம்பக் கஷ்டம். எப்படியாவது பேச வெச்சுடுங்க.”

அந்தச் சனிக்கிழமை அக்கா அலுவலகத்திலிருந்து வரும்போது மாஸ்டர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சக்கர நாற்காலி கூடத்தில் காலியாக நின்றது. அக்காவுக்குக் கால் வலி. வேறெங்கும் போகத் தெம்பில்லாமல் அதிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். நிமிர்ந்தார். எதிரே ஃபிரிட்ஜ். நின்றபடி தன் கண் மட்டத்துக்கு அக்கா ஒட்டியிருந்த படம் இங்கிருந்து பார்க்க எங்கோ உச்சியில் இருந்தது. அங்கிருந்து கோடு சரிந்து, சரிந்து, நேராகத் தன் மடியை நோக்கி வந்தது.

ஐயோ, என்றார் வாய்விட்டு. ஊரையெல்லாம் எந்த நாற்காலி, எந்த நாற்காலி என்று கேட்ட மனுஷி, வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியைக் கேட்கவில்லை. இந்தப் படம் டாக்டருக்குப் போட்டது. டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. ராத்திரி பகல் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர். இன்றைக்கு நீ எத்தனை தேறினாய் என்று கட்டிய பெண்டாட்டியே தினமும் மார்க் போட்டு மூஞ்சிக்கு நேரே ஒட்டியிருக்கிறாள். மூன்று தடவை டெஸ்டில் ஃபெயிலானபோது இந்த மனிதர் ஒரு நாளாவது முகம் சுளித்தாரா?

அப்புறம் அக்கா செய்த காரியம்தான் யாரும் எதிர்பார்க்காதது. லாப்டாப்பைத் திறந்தார். தினசரி எண்களை எல்லாம் ஒன்றோடொன்று கூட்டச் சொல்லி ஒரு சூத்திரம் போட்டார். கோடு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மேலே மேலே போயிற்று. காய்ச்சல் வந்த வாரத்தில்கூட இறங்கவில்லை. சைபர் வந்த நாட்களில் சாதுவாகப் படுத்திருந்தது. சாட்சாத் பொய்க்கோடு! அக்காவுக்குக் கை கூசியது. மேற்பார்வையாளர் பார்த்தால் கைகொட்டிச் சிரிப்பார் என்று தோன்றியது. சிரித்துவிட்டுப் போகட்டும், இவர் வாயைத் திறந்தால் போதும் என்று அச்சடித்தார். பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை, இந்தத் தடவை சக்கர நாற்காலியின் உயரத்துக்கு, குனிந்து ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். மாஸ்டரைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஃபிரிட்ஜுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்.

“என்னங்க, இதைப் பாருங்க. வேற மாதிரி போட்டிருக்கேன். நீங்க இது வரைக்கும் பேசினது மொத்தம் எவ்வளவு தெரியுமா? பாருங்க, ஒரு நாள்கூட இறங்கல.”

சொல்லும்போது குரல் சற்று உயர்ந்துதான் போயிற்று. மாஸ்டர் படத்தைப் பார்த்தார். இடது கை விரலைக் கோட்டின் அடியில் வைத்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போனார். காய்ச்சல் வாரத்தில் நின்றார். மறுபடி ஏற்றினார். கடைசியில் கோடு படுத்திருந்த இடத்தில் விரல் நின்றது. அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். வாய் திறந்தது. உதடு சேர்ந்தது, பிரிந்தது.

“பொ…”

அக்கா குனிந்து காதைக் கொடுத்தார்.

“பொய்” என்றார் மாஸ்டர்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். முகத்தின் இடது பாதி சிரித்தது, வலது பாதி ஏதோ முயற்சி செய்தது. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. தரையில் சப்பென்று உட்கார்ந்து, “ஆமாங்க, பொய்தான். பொய்யேதான். கண்டுபிடிச்சுட்டீங்களே! இருபத்தாறு வருஷம் சாப்பாட்டோட சேத்து ஊட்டினேனே, எங்க போகும்?” என்று அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். மாஸ்டரின் இடது கை தலையில் இரண்டு தட்டுத் தட்டியது.

மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்ததும் அக்கா செய்த முதல் காரியம் அந்தப் படத்தைக் கிழித்தது. அடுத்தது, லாப்டாப்பை எடுத்து மாஸ்டர் மடியில் வைத்தது.

“தப்பு என்னோடது. எல்லாரையும் கேட்டேன், உங்களைக் கேக்கல. இந்த நாற்காலியில உக்காந்து உங்களுக்கு என்ன தெரியணும்? காட்டுங்க.”

மாஸ்டர் இடது கையால் தட்டுத் தடுமாறி ஷீட்டை நகர்த்தினார். தேதியைத் தாண்டினார். மணியைத் தாண்டினார். தினசரி எண்ணிக்கையை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மூன்றாவது பத்திக்கு வந்து நின்று, உச்சிக்குப் போய், முதல் கட்டத்தில் விரலை வைத்தார். பிரேக். அடுத்தது சீப்பு. அடுத்தது கதவு. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, உதட்டை அசைத்து, அக்காவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

எத்தனை என்பது டாக்டரின் கேள்வி. என்னிடம் என்னென்ன இருக்கிறது என்பதல்லவா இவருடைய கேள்வி! அதற்குக் கோடு எதற்கு, பட்டை எதற்கு, வட்டம்தான் எதற்கு? ஐந்து வால்வுக்குத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவருக்கு இது தோன்ற இத்தனை நாளா?

டாக்டருக்கான கோடு ஃபைலுக்குள் போனது, சைபர்கள் சைபர்களாகவே. ஃபிரிட்ஜுக்கு அக்கா வேறு காகிதம் அடித்தார். கறுப்பில், கொட்டை எழுத்தில், திரும்பத் திரும்ப வந்ததை ஒரே தடவை போட்டு, வந்த வரிசைப்படி. வெறும் பட்டியல். நாற்பது சொற்களுக்குக் கீழே நாற்பத்தொன்றாவதாகப் ‘பொய்’ என்று இருந்தது. மேடம் அதில் இல்லை. அதற்குக் கீழே காகிதத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

மாஸ்டர் விரலை வைத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். “பிரேக்… சீ… சீப்பு…”

“படிச்சதெல்லாம் கணக்குல சேராது, சொல்லிட்டேன்” என்றார் அக்கா, கறாராக.

மாஸ்டர் பட்டியலை விட்டுவிட்டு அக்காவையே பார்த்தார். பிறகு கையை ஆட்டிப் பின்னால் போ, பின்னால் போ என்று சைகை காட்டினார். ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிற அதே சைகை. அக்கா அவருடைய நாற்காலியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எட்டடி பின்னால் வந்தார். வந்து அவர் உயரத்துக்குக் குனிந்து நின்று, பட்டியலைப் பார்த்தார்.

மாஸ்டர் இடது கையை நீட்டி, அக்காவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.